நான்கு வயது அத்துமீறி

1896ஆம் ஆண்டு, நியூயார்க்கின் கோனி தீவு. கடலுக்குள் நீளும் பழைய இரும்புத் துறைப்பாலத்தில் ஜெஸ்ஸி ரெனோ என்ற பொறியாளர் சாய்வான ஒரு நகரும் பட்டையைப் பொருத்தினார். அது ஆளைத் தூக்கிச் சென்ற உயரம் வெறும் 7 அடி. இரண்டே வாரத்தில் 75,000 பேர் அதில் ஏறிப் பார்த்தார்கள் என்று சொல்லப்படுகிறது. மேலே போய்ப் பார்க்க அங்கே ஒன்றும் கிடையாது. ஏறுவதுதான் வேடிக்கை. நம்ம ஊர்ப் பொருட்காட்சியில் ராட்டினத்துக்கு வரிசை கட்டி நிற்போமே, அப்படித்தான்.

எஸ்கலேட்டரின் பிறப்பைப் பற்றிப் படித்ததில் எனக்கு மிகப் பிடித்த தகவல் இது. நகரத்துக்கு நேரம் மிச்சப்படுத்தவோ, முழங்கால் வலிக்காரர்களுக்கு உதவவோ அது முதலில் வரவில்லை, விளையாட்டுச் சாமானாக வந்தது. 1898இல் லண்டன் ஹாரட்ஸ் கடையில் இதே வகைப் பட்டையொன்றை வைத்தபோது, மேலே வந்து சேர்ந்தவர்களின் படபடப்பு அடங்க பிராந்தி கொடுத்தார்களாம். 1911 அக்டோபரில் லண்டன் பாதாள ரயிலின் ஏர்ல்ஸ் கோர்ட் நிலையத்தில் முதல் எஸ்கலேட்டர்கள் ஓடத் தொடங்கின. வளர்ந்தவர்களே வாய் பிளந்து நின்ற இயந்திரம். அதைப் பார்த்த பிள்ளைகள் சும்மா இருந்திருப்பார்களா?

இருக்கவில்லை. அதற்கு ஆதாரம் ஒரு தீர்ப்பு. 1920ஆம் ஆண்டின் ஹார்டி எதிர் சென்ட்ரல் லண்டன் ரயில்வே வழக்கு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு நிலையத்தின் நகரும் படிக்கட்டுதான் விளையாட்டு மைதானம். ஊழியர்கள் பார்த்தால் விரட்டுவார்கள், பிள்ளைகள் ஓடுவார்கள், ஊழியர் தலை மறைந்ததும் திரும்ப வருவார்கள். இப்படி விளையாடியதில் ஒரு சிறுவனுக்குக் காயம். இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் தரமாட்டோம் என்றது. பிள்ளைகளை விரட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், ஆகவே அவர்கள் அங்கே இருக்க அனுமதி இல்லை. அனுமதி இல்லாதவன் அத்துமீறி நுழைந்தவன். அத்துமீறியிடம் ரயில்வேக்குக் கவனக் கடமை எதுவும் இல்லை. முடிந்தது கதை.

அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் ஓர் இடத்துக்குள் வருபவர் மூன்று சாதி. தொழில் நிமித்தமாக அழைக்கப்பட்டவர், போனால் போகிறதென்று அனுமதிக்கப்பட்டவர், அத்துமீறி வந்தவர். டிக்கெட்டோடு வந்தவருக்குக் காயம் என்றால் ஒரு நியாயம், டிக்கெட் இல்லாமல் வந்தவருக்குக் காயம் என்றால் வேறு நியாயம். படிக்கட்டில் என்ன ஆபத்து இருந்தது, அதைத் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகவில்லை. 'நீ யார், உன்னை யார் உள்ளே விட்டது' என்பதோடு விசாரணை நின்றுவிட்டது. பிள்ளைகள் தினமும் வருகிறார்கள் என்பது ரயில்வேக்கு நன்றாகவே தெரியும். விரட்டியதே அதற்குச் சாட்சி. அந்தச் சாட்சியத்தையே பிள்ளைகளுக்கு எதிராகத் திருப்பியதுதான் இந்தத் தீர்ப்பில் என்னை உறுத்துகிற இடம். ரயில்வே கண்டும் காணாமல் சோம்பேறியாக இருந்திருந்தால் ஒருவேளை 'மௌன அனுமதி' என்று சொல்லிப் பையனுக்குப் பணம் கிடைத்திருக்கும்!

இது இங்கிலாந்தின் கதை. இதே கேள்விக்கு அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் அரை நூற்றாண்டு முன்பே வேறு பதில் வந்திருந்தது. அங்கே எஸ்கலேட்டர் இல்லை, டர்ன்டேபிள். ரயில் இன்ஜினைத் திசை திருப்புவதற்கான பெரிய வட்ட மேடை அது. தண்டவாளத் துண்டு ஒன்று நடு அச்சில் சுற்றும். நாலைந்து பையன்கள் சேர்ந்து தள்ளினாலே சுற்றிவிடும். ராட்டினத்துக்குக் காசு வேண்டும், இதற்கு வேண்டாம். 1869இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் பிளேர் என்ற சிற்றூரில் ஆறு வயது கடந்த ஒரு பையன் தோழர்களோடு அங்கே போனான். மற்றவர்கள் சுற்ற, இவன் ஏறப் போனான், கால் நசுங்கியது. மேடைக்குப் பூட்டு இல்லை. அசையாமல் பிடித்துவைக்க வேண்டிய தாழ்ப்பாள் உடைந்து கிடந்தது. பிள்ளைகள் அங்கே விளையாடுவதை ஓர் ஊழியர் முன்பே பார்த்துக் கண்டித்தும் இருக்கிறார்.

பாருங்கள், சம்பவம் அச்சு அசல் அதேதான். விளையாட்டு, விரட்டல், காயம். ஆனால் ஸ்டவுட் வழக்கு என்று அறியப்படும் இதில் நடுவர் குழு 7,500 டாலர் இழப்பீடு கொடுத்தது, 1873இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பெரியவரிடம் எதிர்பார்க்கும் எச்சரிக்கையைச் சிறு பிள்ளையிடம் எதிர்பார்க்க முடியாது, அதனதன் வயதுக்கும் அறிவுக்கும் ஏற்பத்தான் எதிர்பார்க்கலாம் என்றார் நீதிபதி வார்ட் ஹன்ட். பிள்ளைகள் வருவார்கள் என்று தெரியும், வந்தால் அடிபடும் என்றும் தெரியும், ஒரு பூட்டு போட்டிருந்தால் போதும். அப்படியிருக்க ஏன் போடவில்லை? விசாரணை பையனிடமிருந்து தாழ்ப்பாளுக்கு நகர்ந்துவிட்டது.

இதிலிருந்து வளர்ந்த கொள்கைக்கு அங்கே 'கவர்ந்திழுக்கும் தொல்லை' என்று பொருள்படும் ஒரு பெயர் உண்டு. பிள்ளைகளை இழுக்கிற பொருளை வெட்டவெளியில் வைத்துவிட்டு, பிறகு வந்தவனைக் குற்றம் சொல்லக்கூடாது என்பது சாரம். 1909இல் அயர்லாந்து ரயில்வே ஒன்றின் டர்ன்டேபிளில் சின்னப் பையன் ஒருவன் அடிபட்ட வழக்கில் லண்டனின் பிரபுக்கள் சபையே ஏறக்குறைய இந்தப் பக்கம் சாய்ந்தது. வேலியில் ஓட்டை, ஓட்டை வழியே தேய்ந்த தடம், உள்ளே பூட்டில்லாத மேடை. பதினோரு வருடம் கழித்து ஹார்டி வழக்கில் இந்தத் தீர்ப்பு இருந்தும் பையன் தோற்றான். காரணம் அந்த விரட்டல்தான்.

1922ஆம் ஆண்டைப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். அமெரிக்காவின் கான்சஸில், இடிக்கப்பட்ட ரசாயன ஆலை ஒன்றின் குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. பார்க்கத் தெளிந்த நீர், உள்ளே கந்தக அமிலம். இரண்டு சிறுவர்கள் இறங்கினார்கள், இரண்டு பேரும் இறந்துபோனார்கள். நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் நிறுவனத்தின் பக்கம் நின்றார். குளம் சாலையிலிருந்து தெரிந்ததாகச் சான்றில்லை. எனவே குளம் பிள்ளைகளை 'இழுத்தது' என்று சொல்ல முடியாது. அவர்கள் முதலில் அத்துமீறினார்கள், பிறகுதான் குளத்தைப் பார்த்தார்கள். ஹோம்ஸ் பெரிய மூளை, எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தத் தர்க்கத்தைப் படிக்கும்போது தமிழில் ஒன்றுதான் வாயில் வருகிறது: 'அடப்பாவி!' அதே வருடம் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகராட்சிப் பூங்காவில் பளபளத்த நச்சுப் பழங்களைத் தின்று ஏழு வயதுப் பையன் இறந்த வழக்கில், எச்சரிக்கைப் பலகைகூட இல்லாமல் அந்தச் செடியை வைத்திருந்த நகராட்சி பதில் சொல்ல வேண்டும் என்றது பிரபுக்கள் சபை. ஏனென்றால் பூங்கா எல்லோருக்கும் திறந்தது. நுழைய உரிமை இருந்ததால் அந்தப் பிள்ளையின் சாவுக்கு விலை இருந்தது.

இதன் உச்சம் 1929. ஆடி எதிர் டம்பிரெக். ஸ்காட்லாந்தின் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் சாம்பல் வண்டிகளை இழுக்கும் கம்பிவடம் ஒரு பெரிய சக்கரத்தில் சுற்றும். அந்த வயலைப் பிள்ளைகள் விளையாட்டுத் திடலாகவும் ஊர்க்காரர்கள் குறுக்கு வழியாகவும் பயன்படுத்தினார்கள். வேலி முழுக்கச் சந்து. சக்கரத்தை ஓட்டுபவருக்கு அங்கிருந்து சக்கரம் தெரியாது. நான்கு வயதுப் பையன் ஒருவன் அதில் சிக்கி இறந்தான். அப்பாவே அங்கே போகாதே என்று எச்சரித்திருந்தார். தீர்ப்பு: பையன் அத்துமீறி. வேண்டுமென்றே தீங்கு செய்தால் தவிர, அத்துமீறிக்கு நில உரிமையாளர் பொறுப்பல்ல.

அதே ஆங்கிலக் குற்றவியல் மரபில் ஏழு வயதுக்குக் கீழ் எந்தக் குழந்தையும் குற்றம் செய்ய முடியாது. மெக்காலே குழுவின் வரைவிலிருந்து வந்த 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 82ஆம் பிரிவும் இதைத்தான் சொன்னது, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 20ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. நான்கு வயதுக் குழந்தை ஒரு ரொட்டியைத் திருடினால் அது திருட்டே இல்லை. அதே குழந்தை வேலிச் சந்தில் நுழைந்தால் அது முழு மனிதன், அத்துமீறியவன், விளைவு அவன் தலையில். தண்டிக்கும்போது குழந்தை, காப்பாற்ற வேண்டி வரும்போது பெரியவன். இந்த முரண் அந்த நீதிபதிகளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நிலத்தின் மீது நிலக்காரனுக்கு உள்ள உரிமை அவ்வளவு புனிதமாக இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு வாதமும் உண்டு. அது இன்றும் நம் வாயில் இருப்பது: 'பெத்தவங்க எங்க போனாங்க?' 1858இல் இங்கிலாந்தில் ஒரு பாட்டி ஐந்து வயதுப் பேரக்குழந்தையோடு தண்டவாளத்தைக் கடந்தபோது ரயில் மோதியது. பாட்டி இறந்தார், குழந்தை பிழைத்தது. ரயில்வேயின் கவனக்குறைவு நிரூபணமானது. ஆனால் பாட்டியும் கவனமாக இல்லை, அவர் பொறுப்பில் இருந்த குழந்தையும் அவரும் சட்டத்துக்கு ஒரே ஆள், ஆகவே குழந்தைக்கும் இழப்பீடு இல்லை என்றது நீதிமன்றம். பாட்டியின் பிழையைப் பேரக்குழந்தையின் கணக்கில் எழுதிய இந்த விதி எழுபது வருடங்களுக்கு மேல் உயிரோடு இருந்தது. 1930களின் தொடக்கத்தில் சாலையைக் கடக்கும்போது ஒரு தாத்தா நான்கு வயதுப் பேரனின் கையை விட்டுவிட்டுத் தான் மட்டும் தாவித் தப்பிக்க, பேருந்து பையன் மீது மோதியது. அந்த வழக்கில்தான் தாத்தாவின் தவறு தாத்தாவுடையது, அதைக் காட்டிப் பேருந்து நிறுவனம் நழுவ முடியாது என்று ஆனது.

பெற்றவர்களுக்குப் பொறுப்பே இல்லையா என்றால், இருக்கிறது. கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் கையைப் பிடித்திருந்தாலும் போதாத இடங்கள் உண்டு. 2015 ஜூலையில் சீனாவின் ஜிங்ஜோ நகரக் கடையொன்றில் குழந்தையோடு எஸ்கலேட்டரில் மேலே வந்த தாய், தரைத் தகடு காலடியில் சரிந்ததும் குழந்தையை முன்னால் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார். தகடு சரியாகப் பொருத்தப்படவில்லை. குழந்தை பிழைத்தது. அந்தக் காணொளியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நான் ஒருமுறைக்கு மேல் பார்க்கவில்லை.

ஆங்கிலச் சட்டம் மாறியது 1972இல். ஆறு வயதுப் பையன் ஒருவன் 1965இல் லண்டனின் தெற்கே, மின்சாரம் பாயும் தண்டவாளத்தில் விழுந்து கருகினான். பக்கத்தில் பிள்ளைகள் விளையாடும் புல்வெளி. இடையில் இருந்த கம்பி வேலி மிதிபட்டு மிதிபட்டு ஓரிடத்தில் தரையிலிருந்து 10 அங்குல உயரத்துக்கு இறங்கியிருந்தது. பிள்ளைகள் தண்டவாளத்தில் நடமாடுகிறார்கள் என்று சில வாரங்களுக்கு முன்பே நிலைய அதிகாரிக்குத் தகவல் போயிருந்தது. வேலியைச் சரிசெய்ய யாரும் வரவில்லை. ஹெரிங்டன் வழக்கு என்ற இதில் பிரபுக்கள் சபை தன் 1929 தீர்ப்பைத் தானே கைவிட்டது. அத்துமீறியிடமும் சாதாரண மனிதாபிமானம் காட்டும் கடமை உண்டு என்றது. 1984இல் அது சட்டமாகவே வந்தது. அதற்கு முன்பே 1957ஆம் ஆண்டுச் சட்டம், முறையாக வருகிற குழந்தைகள் பெரியவர்களைவிடக் கவனக்குறைவாக இருப்பார்கள் என்பதை இடத்துக்காரர் எதிர்பார்த்திருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தது. எந்த அம்மாவுக்கும் தெரிந்த விஷயம். சட்டப் புத்தகத்தில் ஏற அவ்வளவு காலம்.

நீதிமன்றங்கள் இப்படி இழுத்துக்கொண்டிருந்தபோது இயந்திரமும் மாறிக்கொண்டிருந்தது. லண்டனின் முதல் எஸ்கலேட்டர்களில் படிகள் மொழுக்கென்று இருக்கும். முடிவில் ஒரு சாய்வான தடுப்பு ஆளைப் பக்கவாட்டில் ஒதுக்கிவிடும். 1924 முதல் அங்கே வந்தவைதான் இன்று நாம் பார்க்கும் வரிவரியான படிகளும், அந்த வரிகளுக்குள் பல் நுழைத்து நிற்கும் சீப்பும். கால்விரல் அடியில் போகாமல் சீப்பு மேலே தூக்கிவிடுகிறது. மிச்சமிருப்பது பக்கவாட்டு இடைவெளி. படி நகரும், பக்கச் சுவர் நகராது. இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர். பெரியவர் ஷூ அதற்குள் போகாது. குழந்தையின் மெத்தென்ற ரப்பர் செருப்பு சுவரில் உரசினால் பிடித்துக்கொள்ளும், இழுபடும், பிறகு விரல். துளைபோட்ட அந்த ரப்பர் செருப்புகள் உலகமெங்கும் பரவிய 2000களில் ஜப்பான் அரசு இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டது. அமெரிக்காவில் 1990 முதல் 2002 வரை எஸ்கலேட்டரில் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்த 19 வயதுக்கு உட்பட்டவர்கள் சுமார் 26,000 பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக 5 வயதுக்குக் கீழ். பெரும்பாலும் கீழே விழுவதுதான். ஆனால் மிகச் சின்னப் பிள்ளைகளிடம் சிக்கிக்கொள்ளும் விபத்துகள் கூடுதல்.

மால்களில், மெட்ரோ நிலையங்களில் படியின் ஓரம் நெடுகக் கருப்பு பிரஷ் ஒன்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஷூவைப் பளபளப்பாக்க என்று நினைத்துக் காலைத் தேய்க்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது காலை ஓரத்திலிருந்து விலகச் சொல்வதற்கு. ஒரு பிரஷ், ஒரு சீப்பு, அவசர நிறுத்தப் பொத்தான். இவ்வளவுதான் வேண்டியிருந்தது, டர்ன்டேபிளுக்கு ஒரு தாழ்ப்பாள் போல.

நம் நாட்டுக்கு வருவோம். 1957ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம் போல ஒன்று இந்தியாவில் இல்லை. இடத்துக்காரர் பொறுப்பை நீதிமன்றங்கள் பொதுவான கவனக்குறைவுச் சட்டத்திலிருந்தும், நுகர்வோர் சட்டத்திலிருந்தும் வழக்குக்கு வழக்கு தேடி எடுக்கின்றன. எஸ்கலேட்டரை எப்படி நிறுவுவது, பராமரிப்பது என்பதற்கான இந்தியத் தர விதி 1968லேயே வந்துவிட்டது. ஆனால் மும்பையில் 1939ஆம் ஆண்டு லிஃப்ட் சட்டம்தான் வெகுகாலம் ஓடியது. எஸ்கலேட்டரைப் பெயரிலேயே சேர்த்து மகாராஷ்டிரம் புதுச் சட்டம் போட்டது 2017இல். நாடு முழுக்க மால் வந்து, மெட்ரோ வந்து, ஊரே நகரும் படிக்கட்டில் ஏறிப் பழகிய பிறகு.

இந்தியக் குழந்தைக்கு டர்ன்டேபிள் என்பது எஸ்கலேட்டரைவிட ஆழ்துளைக் கிணறுதான். கைவிடப்பட்ட, மூடாத குழாய் வாய். குழந்தைகள் விழுவது தொடர்ந்ததால் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து 2010இல் உத்தரவு போட்டது. அதைப் படித்தால் கவித்துவம் எதுவும் இருக்காது, எல்லாம் அளவுதான். தோண்டுவதற்கு 15 நாள் முன் தகவல் தர வேண்டும். தோண்டும்போது பலகையும் முள்வேலியும் வேண்டும். குழாயைச் சுற்றி சிமென்ட் மேடை, தரைக்கு மேல் 0.30 மீட்டர், கீழே 0.30 மீட்டர். வாய்க்கு இரும்பு மூடி. கைவிட்டால் அடியிலிருந்து மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும். இதெல்லாம் நடக்கிறதா என்று கண்காணிக்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கும் உள்ளாட்சிக்கும். ஹார்டி வழக்கு போன பாதைக்கு நேர் எதிர்ப் பாதை இது. குழந்தை யார், ஏன் அங்கே போனது என்ற கேள்வியே இந்த உத்தரவில் கிடையாது.

2019 அக்டோபர் 25, மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டி. இரண்டு வயதுக் குழந்தை தன் குடும்பத்தின் சொந்த நிலத்தில் இருந்த பழைய ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. நான்கு நாள் தமிழ்நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. 29ஆம் தேதி அதிகாலையில் உடலைத்தான் எடுத்தார்கள். அந்த நாட்களில் டீக்கடையில், பேருந்தில், அலுவலகத்தில் நான் அதிகம் கேட்டது இரண்டு வாக்கியங்கள். 'அம்மா பாத்துட்டு இருக்க வேணாமா?' 'அப்பன்தானே மூடியிருக்கணும்?' இரண்டாவதில் நியாயம் இருக்கிறது, நிலம் அவர்களுடையது. ஆனால் உத்தரவு ஒன்பது வருடப் பழையது. அதற்கு உட்பட்ட எத்தனை குழிகள் மாவட்டத்தில் மூடாமல் கிடக்கின்றன என்ற பட்டியல் ஆட்சியர் மேசையில் இருந்திருக்க வேண்டியது. அதை அரசிடம் கேட்ட ஒருவரைக்கூட டீக்கடையில் நான் பார்க்கவில்லை. சாவுக்குப் பிறகுதான் மாவட்டம் மாவட்டமாகத் தேடி மூடத் தொடங்கினார்கள். பல ஊர்களில் இளைஞர்களே மூடி வாங்கிப் போய்ப் பொருத்தினார்கள். சிலர் வெட்டிய பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து, மேலே கல்லை ஏற்றி வைத்தார்கள்.